அம்மா அனுப்பிய டொபி

வட்டமான நீலத் தகர டப்பா. மூடியில் தங்க நிறத்தில் அரபி எழுத்து. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவின் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தார் அப்பா. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பும் டொபி மிட்டாய் அதில் இருக்கும். அம்மா போனபோது நான் மிகச் சின்னவள். அவள் முகம் எனக்கு மறந்துகொண்டே வந்தது.

பொழுது சாய்ந்தால் அழத் தொடங்கிவிடுவேன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், விடியுமுன் எழும்ப வேண்டிய மனிதர். அழுகிற பிள்ளையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு டொபியைப் பிரித்து என் வாயில் வைத்து, "அம்மா குடுத்தது. வாயிலயே வச்சிக்கிட்டு படு" என்பார். நான் கடிக்க மாட்டேன். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பேன். அது கரையும் வரை அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்ற நினைப்பு. டவுனுக்குப் போய்த் தொலைபேசியில் பேசியபோது அப்பா இதை அம்மாவிடம் சொன்னார். அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு டொபி இன்னும் அதிகமாக வந்தது.

முதலாம் வகுப்பில் இருந்தபோது பல் பார்க்கும் மிஸ் ஒருவர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். சிங்களப் பெண். சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். முன்பற்கள் கறுத்துக் கரைந்திருந்தன. பால் வெட்டும் மலைக்கு ஆள் அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார்கள். ரப்பர் பால் காய்ந்த சட்டையோடு வந்து நின்றார்.

"படுக்கிற நேரம் மகளுக்கு என்ன குடுக்கிறது?" என்று மிஸ் கேட்டார்.

அப்பா ஒளிக்காமல், கொஞ்சம் பெருமையாகவே டொபிக் கதையைச் சொன்னார். தாய் எங்கே என்று மிஸ் சிங்களத்தில் கேட்க, அப்பாவும் சிங்களத்திலேயே குவைத் என்றார். திட்டு விழும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை.

"இது பால் பல்தானே, விழும். பின்னுக்குப் பாருங்க, பெரிய பல் வருது. அது போனா திரும்ப வராது. டொபி குடுக்கிறதுனா பகல் சோத்துக்குப் பிறகு குடுங்க. படுக்க முந்தி நீங்களே பிரஷ் பண்ணுங்க. அதுக்குப் பிறகு தண்ணி மட்டும்" என்று சொல்லி, என் பல்லில் ஏதோ மருந்தைப் பூசி அனுப்பினார்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு அப்பா என்னைக் கூட்டிப்போவார். தண்ணீர் விழும் கல்லில் என்னை உட்காரவைத்து, தாடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பார். அவர் கையில் ரப்பர் பாலின் புளித்த வாடை அடிக்கும். தண்ணீர் பிடிக்க வரும் பெண்களுக்குச் சிரிப்பு. "என்னண்ணே, மக வாயிலயும் பால் வெட்டுறீங்களா?" என்பார்கள். அவர் அடுத்த பல்லுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து வெறும் வாயோடு படுக்க எனக்குப் பயமாக இருக்கும். அழுதேன், பல நாள் அழுதேன். அப்பா என் முதுகில் தட்டிக்கொண்டே கிடப்பார்.

பல் கெட்டதையும் இரவு டொபி நின்றதையும் மட்டும் அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வார்? டொபி வந்துகொண்டே இருந்தது. பகல் சோற்றுக்குப் பிறகு லயத்துப் பிள்ளைகளோடு நானும் ஒன்று தின்பேன்.

அம்மா லீவில் வந்தபோது நான் வளர்ந்திருந்தேன். முதல் நாளே, நான் பாயில் படுத்ததும் ஒரு டொபியைப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத வாயில வச்சிக்கிட்டுத்தான் தூங்குவியாம்ல? அங்க படுக்கும்போதெல்லாம் அதையேதான் நெனச்சிக்குவேன்" என்றாள்.

"பல்லு வெளக்கிட்டேன். இனி தண்ணி மட்டுந்தான்" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கீழே பார்த்தார். பிரித்த டொபியை அம்மா திரும்பவும் தாளில் சுற்றினாள்.

மறுநாள் அவளும் பீலிக்கரைக்கு வந்தாள். "நான் வெளக்கி விடவா?" என்று கேட்டாள். நானே செய்வேன் என்றேன். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். "அங்க அந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு நான்தான் வெளக்கி விடுறேன்" என்று அம்மா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். லீவு முடிந்து மறுபடியும் போனாள்.

அப்பா இப்போது இல்லை. அம்மா வேலையை விட்டு வந்து, கேகாலையில் என்னோடு இருக்கிறாள். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசுவதற்கு ஒன்றாகக் கழித்த நாட்கள் எங்களிடம் குறைவு. போன மாதம் அவளுக்குப் பல் பிடுங்கக் கூட்டிப்போன இடத்தில், வந்த கையோடு என் பல்லையும் பார்க்கச் சொன்னேன். டொக்டர் என் கடைவாயைப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஒரு சொத்தை இல்ல. சின்ன வயசில நல்லாப் பாத்திருக்கிறீங்க அம்மா."

பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த அம்மா அதை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவுங்க அப்பாதான் பாத்தாரு, டொக்டர்" என்றாள். "நான் இங்க இல்ல."