பட்டன் தலைக் குடும்பம்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் சொல்வார்கள். தையல்காரி என்பதால் வந்த பேராம். அவளிடம் ஒரு தடவை வாயைக் கொடுத்தவர்களுக்கு நிஜக் காரணம் தெரியும். பேண்டின் நீளத்தைக் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, இடுப்பைப் பிரித்துப் போடுவது, இதுதான் அவள் பிழைப்பு. "நான் குண்டாகல, துணிதான் சுருங்கிடுச்சு" என்று வருகிற ஆளிடம், "பாவம், துணி மேல ஏங்க பழி போடுறீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டேப்பைக் கையில் எடுப்பாள். இத்தனை வாங்கிக்கட்டிக்கொண்டும் அவர்கள் அவளிடமே வந்தார்கள். வேலை அவ்வளவு சுத்தம்.

வருஷத் தொடக்கத்தில் அவள் புருஷன் இன்னொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். அழுதாளா என்றால் அழுதாள், மெஷினை மிதித்துக்கொண்டே அழுதாள். வீட்டில் ஏழு வயதில் ஒருத்தி, நாலு வயதில் ஒருத்தன். உட்கார்ந்து அழ அவளுக்கு எங்கே நேரம்?

புருஷனின் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்தையே வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, அதைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக அச்சடித்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புவாள். இந்த வருஷம் படமெடுக்க யாரும் கூப்பிடவில்லை. அட்டை மட்டும் அச்சாகி எல்லோருக்கும் போயிருந்தது, அதுவும் சொந்தக்காரரான கீழ்வீட்டுக்காரர் தனக்கு வந்ததைக் காட்டித்தான் தெரிந்தது. போன வருஷப் படமேதான். ஓரத்தில் நின்ற ஊசியையும் பிள்ளைகளையும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓடிப்போன தம்பி மட்டும் சிரித்துக்கொண்டு பத்திரமாக நின்றான்.

சின்னவன் அட்டையை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். அப்பாவின் உள்ளங்கைக்குள் குட்டி விரல்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. "இது என் கைம்மா" என்றான். "மீதி நான் எங்க?"

ஊசி அட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். அவளை வெட்டட்டும், அவள் வாய்க்கு அது காணாது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? இன்றைக்கு அட்டையிலிருந்து எடுத்தவர்கள் நாளைக்கு வீட்டு வாசலிலேயே யாரென்று கேட்பார்கள்.

"அட்டை போட அத்தைக்கு மட்டும்தான் தெரியுமா?" என்றாள். "எடுங்கடா பட்டன் டப்பாவ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, துணி வெட்டும் பலகை மேல் பிள்ளைகள் இரண்டையும் ஏற்றி உட்கார வைத்தாள். புதுச் சட்டைகளின் மடிப்புக்குள் வைத்து வரும் அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தாள், அவற்றைப் பாதியாக மடித்தாள். உள்ளே எழுதுவது பெரியவள் பொறுப்பு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். வெளியே குடும்பப் படம். ஆளுக்கு ஒரு பட்டன் தலை, துண்டுத்துணியில் உடம்பு. அத்தைக்குக் கோட்டிலிருந்து விழுந்த பெரிய தங்க நிறப் பட்டன். மாமாவுக்கு உடைந்த பட்டன், ஏனென்றால் அவருக்குப் பல் இல்லை. சின்னவனுக்கு ஒரே பட்டன் போதவில்லை, தனக்கு மட்டும் இரண்டு தலை வைத்துக்கொண்டான். கேட்டால், "போன தடவை விட்டுட்டாங்கல்ல" என்றான்.

பசை பட்டனைப் பிடிக்கவில்லை, நிமிர்த்தினால் தலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஊசி நூலைக் கோத்து அட்டையோடு சேர்த்தே ஒவ்வொன்றாகத் தைக்கத் தொடங்கினாள். முதல் அட்டையின் கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய பட்டன் இருந்தது. பெரிய கால்சட்டை, பெரிய ஷூ. யாரென்று கேட்க வேண்டியதில்லை. அவள் கை யோசிக்கவே இல்லை. பட்டனைப் பிய்த்து டப்பாவில் போட்டாள், மற்ற அட்டைகளிலிருந்தும் மளமளவென்று பிய்த்தாள், கால்சட்டை ஒட்டியிருந்த ஓரத்தைக் கத்தரியால் நேராக நறுக்கித் தள்ளினாள்.

பெரியவள் எழுதுவதை நிறுத்தினாள். நறுக்கிய அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதன் ஓரத்தில் இருந்த சின்னவனின் துணிக் கையில் பாதி போயிருந்தது.

"அத்தை மாதிரியே பண்ணிட்டியேம்மா."

"அவரு நம்மள விட்டுட்டுப் போனவருடி. அவருக்கு என்ன இடம் வேண்டிக் கிடக்கு?"

"போகட்டும். அதுக்காக எங்களுக்கு அப்பா இல்லன்னு ஆயிடுமா?"

ஊசி கத்தரியைப் பலகை மேல் வைத்தாள். கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். அவனுக்காக ஒரு முழ நூல்கூடச் செலவு செய்ய அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பாதிக் கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, நறுக்கிய துண்டுகளைத் தரையிலிருந்து பொறுக்கினாள். ஒவ்வொரு ஓரத்தையும் அதனதன் அட்டையோடு சேர்த்துக் கிழிசல் தைப்பதுபோல் தைத்தாள். பழுப்புப் பட்டனையும் வைத்தாள். அதற்கு மட்டும் ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள், அதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் அழைக்காத நாத்தனார் வீட்டுக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனாள். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு அட்டையாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள், பல்லில்லாத மாமா தன் உடைந்த பட்டனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். கடைசி அட்டையை ஊசியே கொண்டுபோய், அலமாரியில் இருந்த அச்சடித்த அட்டைக்கு முன்னால் நிறுத்தினாள்.

நாத்தனார் அதை எடுத்தாள். தங்கப் பட்டனைத் தடவினாள். பிறகு அவள் விரல் ஓரத் தையல்மேல் நகர்ந்து பழுப்புப் பட்டனில் நின்றது.

"அவனையுமா வெச்சிருக்க?" அவள் குரல் தணிந்திருந்தது.

"ஆமாண்ணி" என்றாள் ஊசி, கூடத்துக்கே கேட்கும்படி. "எங்க வீட்ல ஆள வெட்டிப் போடுற பழக்கம் இல்ல."

பெரியவள் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையை நறுக்கென்று கிள்ளினாள்.