கைகளால் பேசிய மீன்காரம்மா

"சதுரங்கப்பட்டினம், மீன்காரம்மா வீட்டில் குறி" என்று என் 1996 டைரியில் ஒரு வரி இருக்கிறது. ஒல்லியான அந்த அம்மா, மீன் விலை சொல்லும்போதும் கைகளால் சைகை செய்வார். கடலுக்குப் போன அவருடைய ஒரே மகன் திரும்பவில்லை. பரிகாரத்துக்குக் கம்மலைக் கேட்ட வெளியூர்க் குறிகாரர், உடுக்கையடித்து மகன் குரலில் அழுதார்: "அம்மா, குளிருதும்மா!"

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கம்மலைக் கழற்றப்போன கையை அந்த அம்மா இறக்கினார். "எம்புள்ள பொறவி ஊமை, சாமி. ஒருநாளும் என்னிய அம்மான்னு கூப்ட்டதில்ல."

குறிகாரர் உடுக்கையைப் பைக்குள் திணித்தார்.

"ஓடாதய்யா. இன்னொரு தபா அம்மான்னு கூப்டு. கேட்டுக்கிறேன்."

அவரால் முடியவில்லை.

ஏமாற்ற வந்தவரிடமே அதைக் கேட்ட மனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் குறி சொல்வதையே விட்டுவிட்டதாகப் படாளத்தில் ஒருவர் சொன்னார். அதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.