மூன்று கூறு

அரைக் கிலோ கத்திரிக்காயில் பத்துப் பன்னிரண்டு காய் நிற்கும். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற எனக்கு ஒரு வேளைக்கு வேண்டியது இரண்டு. மீதி குளிர்பெட்டியில் கிடந்து தோல் சுருங்கும். கீரைக்கட்டு அதற்கு முன்பே அழுகிவிடும். வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினால் எல்லாம் ஒரே நாளில் பழுத்து, ஒரே நாளில் கறுத்துப்போகும். வேண்டியதை மட்டும் வாங்கலாமே என்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒருநாள் துணிந்து இரண்டே இரண்டு கத்திரிக்காய் கேட்டேன்.

"ரெண்டா? வீட்டுல பொம்மைக் கல்யாணமா அண்ணாச்சி?" என்றாள் கடைக்காரி. பக்கத்துக் கடைக்காரியும் சேர்ந்து சிரித்தாள். அலுவலகத்தில் ஆயுளெல்லாம் கணக்குப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

கிலோவுக்கு எது மலிவு என்று கணக்குப் போட்டு முழு மஞ்சள் பூசணி ஒன்றைச் சுமந்து வந்ததும் உண்டு. கூட்டு, புளிக்குழம்பு, மறுபடி கூட்டு. அது தீருவதற்குள் மஞ்சள் நிறமே வெறுத்துப்போனது. அதோடு காய் வாங்குவதை விட்டேன். தயிர்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். மனைவி போன பிறகு முக்கால்வாசி நாளும் இதுதான்.

பேருந்தில் ஒருநாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர், ஊறுகாயை நிறுத்தச் சொன்னார்; காயும் பழமும் தினமும் வேண்டும் என்றார். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு இது தெரிந்துவிட்டது. "பொங்கலுக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா வீட்டப் பூட்டிட்டு நீங்க என்கூட வரணும்" என்று போனில் சொன்னாள். அவள் நல்லவள்தான். ஆனால் அவள் வீடு பதினோராவது மாடியில் இருக்கிறது. அங்கே போனால் ஒரு பால் பாக்கெட் வாங்கவும் நான் யாரையாவது கேட்க வேண்டும். என் சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்குப் பெரிய ஆசை கிடையாது.

எங்கள் வளவில், ஒரே சுற்றுச்சுவருக்குள், மூன்று வீடு. நடுவில் நான். ஒருபக்கம், மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர், தனியாக இருக்கிறார். மறுபக்கம், கங்கைகொண்டான் கம்பெனி ஒன்றில் ஷிப்டு வேலை பார்ப்பவர். குடும்பம் வேறு ஊரில். மூன்று வீட்டிலும் ஒற்றை அடுப்பு, ஒற்றைத் தட்டு.

டாக்டர் சொன்னாரே என்று மறுபடி அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினேன். சுருங்கிப்போன கடைசிக் காய்களைத் தெருவில் நின்ற மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, டாக்டர் காய் திங்கச் சொன்னது ஒங்களயா, மாட்டையா?"

என் தொல்லையைச் சொன்னேன். டீச்சர், "எங்க ஊர்ல கிடா வெட்டினா ஒரு வீட்டுக்காரக முழுசா எடுக்க முடியுமா? கூறு போட்டுத்தான் எடுப்பாக. காயையும் அப்படி எடுத்தா என்ன?" என்றார்.

சைவக்காரன் காதில் விழக்கூடாத உதாரணம். ஆனாலும் யோசனை கச்சிதமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் ஒருவர் மார்க்கெட்டுக்குப் போய் மூன்று பேருக்குமாக வாங்கி வர வேண்டும். டீச்சர் வீட்டு வாசலில் செய்தித்தாளை விரித்துச் சமமாக மூன்று கூறு. ஒரே ஒரு சட்டம்: கூறு போடுகிறவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை நான் போட்டேன். சீனியவரைக்காயை எண்ணினேன், ஒன்று மிஞ்சியது. அதை மூன்றாக ஒடித்தேன்.

"அண்ணாச்சி, ஷிப்டு பஸ் போயிரும். அந்தத் துண்டு இல்லாம நான் பிழைச்சுக்கிடுதேன்" என்றார் கம்பெனிக்காரர்.

அடுத்த வாரம் டீச்சர் போட்டதைப் பார்த்தபோதுதான் கூறு போடுவது என்றால் என்ன என்று தெரிந்தது. எண்ணவே இல்லை. வளைந்த முருங்கைக்காய் விழுந்த கூறில் ஒரு தக்காளி கூடுதலாக விழுந்தது. முற்றிய வெண்டைக்காய் விழுந்த இடத்தில் நல்ல கேரட். வாழைப்பழத்தைப் பிரித்ததுதான் அழகு. ஆளுக்கு நான்கு, இரண்டு கடைகளில் வாங்கியது: ஒன்று அன்றைக்குத் தின்ன, ஒன்று நாளைக்கு, ஒன்று செங்காய், ஒன்று முழுப்பச்சை. கூடவே அவர் வீட்டுப் பப்பாளியில் ஒரு கீற்று. நான் மூன்று கூறையும் மனதுக்குள் விலைபோட்டுப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒரு பீன்ஸ்கூடக் கிடைக்கவில்லை. ஒரு முழுப் பூசணிக்குக் கொடுத்த காசில் எட்டு வகைக் காய் எனக்கு வந்திருந்தது. எந்தக் கூறை எடுத்தாலும் நல்லதை எடுத்தது போலிருந்தது. அப்படி ஒரு நிதானம் என் கைக்கு இன்றுவரை வரவில்லை.

பொங்கலுக்கு முந்தைய நாள் மகள் வந்தாள். காலிப் பெட்டி ஒன்றையும் கொண்டு வந்திருந்தாள். என் துணிகளுக்கு. வந்த வேகத்தில் குளிர்பெட்டியைத் திறந்தாள். சாண் நீளப் புடலங்காய்த் துண்டு, கால் முட்டைக்கோஸ், ஒரு கேரட், ஒரு கத்திரிக்காய், ஒரு வாழைக்காய், ஒரு கைப்பிடி சீனியவரை.

"என்னப்பா இது? பென்ஷன் வரலையா? ஒரு கேரட்டா வாங்குதிய?" அவள் குரல் உடைந்துவிட்டது.

நன்றாகச் சாப்பிடுகிறேன் என்பதற்கு நான் வைத்திருந்த சாட்சி அதுதான். அவள் கண்ணுக்கு அது பட்டினியாகத் தெரிந்தது. வாதாடினால் என் குரலும் உடையும். குக்கரை எடுத்தேன். அரிசியும் துவரம்பருப்பும் போட்டு, அந்தத் துண்டு துணுக்கு எல்லாவற்றையும் நறுக்கி, வளவு மரத்து முருங்கைக்கீரை உருவி, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டுக் கூட்டாஞ்சோறு வைத்தேன். அவள் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

"உப்பு குறைச்சல்."

"டாக்டர் சொன்னது" என்றேன்.

காலிப் பெட்டி கதவோரத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை கூறு போடும்போது அவளும் வந்து நின்றாள். அன்று டீச்சர் முறை. மூன்று கூறும் தயாரானதும் டீச்சர் நிமிர்ந்து என் மகளைப் பார்த்தார்.

"ஏம்மா, அடுத்த வாரம் எத்தன கூறு போடணும்? ரெண்டுன்னா இப்பவே சொல்லிரு. வாங்குறதக் குறைக்கணும்லா."

நான் புடலங்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர் பஸ்ஸை மறந்து நின்றார்.

"மூணே போடுங்க டீச்சர்" என்றாள் மகள்.

"அப்ப எடுங்க அண்ணாச்சி, என்ன மலைச்சுப்போயி நிக்கிய!" என்று டீச்சர் அதட்டினார். கையில் பட்ட கூறை அப்படியே எடுத்தேன். எண்ணவில்லை.

மறுநாள் மகள் கிளம்பும்போது, பெட்டி வெறுமனே போகக் கூடாது என்று டீச்சர் அதில் ஒரு பப்பாளியைத் துணியில் சுற்றி வைத்தார். என் பங்குப் புடலங்காயையும் மகளே எடுத்து வைத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. ஆனால் புதன்கிழமைக் கூட்டுக்கு என்ன செய்வது என்ற கவலை பஸ் கண்ணை விட்டு மறையும் முன்பே வந்துவிட்டது.