கப்பலின் ஒரிஜினல் இன்ஜின்

சான்டா கிளாரா அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் ஆயிஷா ஆன்ட்டியின் போன் வந்தது. "தம்பி, அவங்க மவுத்தாயிட்டாங்க" என்றார். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அன்று முழுக்க யார்மீது என்று தெரியாத கோபத்தில் இருந்தேன்.

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊர்த் தமிழர்களுக்கு ஆன்ட்டியின் கணவர் நைனா முகமது அங்கிளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்துக்காரர். எண்ணெய் நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். நான் கேட்டியில் இருந்தவரை பக்கத்து வீடு. எழுபத்தைந்தாம் வருட மாடல் அமெரிக்க ஆடம்பரக் கார் ஒன்று வைத்திருந்தார். வெண்ணெய் நிறம், எட்டு சிலிண்டர், கராஜுக்குள் அடங்காத நீளம். கராஜ் கதவை மூட வேண்டும் என்பதற்காகவே பின்சுவரை இடித்து இரண்டடி தள்ளிக் கட்டிய மனிதர். நாங்கள் அதைக் கப்பல் என்போம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இதிலேயே குடியிருக்கலாமே அங்கிள் என்று நான் சீண்டாத வாரம் கிடையாது.

ஆண்டுக்கொரு முறை இன்சூரன்ஸுக்காகக் காரை மதிப்பிட ஒருவர் வருவார். அன்று அங்கிள், பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் தகப்பன் மாதிரி வாசலுக்கும் கராஜுக்கும் நடப்பார். வந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணைத்தான். காரோடு வந்த இன்ஜின்தானா என்பதற்கு அதுதான் சாட்சி. "பெயிண்ட் திரும்ப அடிச்சுக்கலாம், சீட்டத் தச்சுக்கலாம். இன்ஜின் மாறிட்டா அது வேற வண்டி தம்பி" என்பார் அங்கிள். "அரை டேங்க்னா அது காலி டேங்க்தான்" என்பது அவருடைய இன்னொரு சட்டம். பழைய டேங்க்கில் பாதி காலியாக இருந்தால் ஈரம் சேர்ந்து துருப்பிடித்துவிடுமாம்.

இரண்டாயிரத்து ஐந்து செப்டம்பரில் புயல் வருகிறது என்று ஹூஸ்டனே மூட்டை கட்டிக் கிளம்பியது. எங்கள் யாழினி பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முன்னால் கப்பல், பின்னால் என் சின்னக் கார். ஃப்ரீவேயில் இறங்கி நடந்தால் கார்களை முந்திவிடலாம். வழியில் எந்த கேஸ் ஸ்டேஷனிலும் பெட்ரோல் இல்லை. பிற்பகலில் என் கார் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. குழந்தையைக் கார் சீட்டோடு தூக்கிக்கொண்டு நானும் என் மனைவி சுதாவும் கப்பலுக்கு ஓடினோம்.

கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. அந்த டெக்ஸஸ் வெயிலில் உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆன்ட்டியின் முக்காடு வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. இன்ஜினின் சூட்டை ஹீட்டர் வழியாக இழுத்துவிட்டால்தான் நெரிசலில் அது தாங்கும் என்று, அதுவரை இரண்டு பேரும் வெந்துகொண்டே வந்திருக்கிறார்கள். அங்கிள் குழந்தையைத் திரும்பிப் பார்த்தார். ஹீட்டரை அணைத்துவிட்டு ஏசியைப் போட்டார்.

சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. யாழினி அழுகையை நிறுத்தியிருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. முகம் சிவந்து, வாயில் வைத்த பாலை உறிஞ்சாமல் துவண்டு கிடந்தாள். சுதா அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். முள் சிவப்பைத் தொட்டதும் நானே, ஐந்து நிமிடம் ஏசியை அணைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"நீங்க பாப்பா மூஞ்சியப் பாருங்க தம்பி. முள்ள நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏசியை மட்டும் தொடவில்லை. அடுத்த எக்ஸிட் ஒரு மைல் என்றது பலகை. அந்த ஒரு மைலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலானது. முதலில் இன்ஜினில் தட்டும் சத்தம் வந்தது, பிறகு ஏதோ அரைபடும் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அங்கிளின் தாடை இறுகியதைப் பின்னால் இருந்து பார்த்தேன். எக்ஸிட்டில் இறங்கி, வழிப்போக்கர்களுக்காகத் திறந்து வைத்திருந்த ஒரு சர்ச் வாசலை அடைந்தபோது புகை கிளம்பி இன்ஜின் நின்றது. அந்த இன்ஜின் மறுபடி ஓடவேயில்லை.

சர்ச் ஹாலின் குளிர்ந்த காற்றில் கொஞ்ச நேரம் கழித்து யாழினி பால் குடித்தாள். நான் வெளியே ஓடினேன். அங்கிள் மூடிய பானட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "பால் குடிச்சுச்சா?" என்று கேட்டார். குடித்தாள் என்றேன். அதற்குப் பிறகுதான் பானட்டைத் திறந்தார்.

மறு ஆண்டு மதிப்பிட வந்தவர் குனிந்து, புது இன்ஜினின் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரிஜினல் எங்கே என்று கேட்டார். மதிப்பு பாதியாகிவிடும் என்றார். நடந்ததைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அங்கிள் கண்ணாலேயே தடுத்துவிட்டார். அந்த ஆள் போனதும் அங்கிளிடம் சண்டைக்கே போய்விட்டேன். "சொன்னா அதையும் நஷ்டம்னுல்ல எழுதிக்குவாரு. நமக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டுவிட்டு பானட்டைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது.

இப்போது ஆன்ட்டி கப்பலை விற்கப் போகிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம். என்ன சொல்லட்டும் தம்பி என்று போனில் கேட்டார். கண்ணால் தடுக்க இனி அங்கிள் இல்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு. என் கார் டேங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. இன்னொன்று, அந்த ஒரிஜினல் இன்ஜின். அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வயது நான்கு. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும். காரின் பின் சீட்டில் ஏறினால் வாய் ஓயாது. அவள் பேச்சை நிறுத்தினால் நான் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.