காதில் வைத்த டிஸ்க்

எங்கள் இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியின் புதுக் கம்ப்யூட்டரில் பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டினோம். திரையில் அது தெரியவே இல்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் போன சரக்கு விவரமெல்லாம் அதற்குள்தான். போனால் என் வேலையும் போகும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் ஒல்லியானவர். ஓடும் டிஸ்கைக் காதோடு வைத்துக் கேட்பது அவர் பழக்கம். கழற்றியதும், டிஸ்கின் இணைப்பு ஊசிகளில் அப்பியிருந்த சந்தனத்தைக் காட்டினார்.

"ஈரத்தோட கரண்ட் குடுத்தா எப்படி அண்ணாச்சி?"

"பூஜையில முதலாளி வச்ச பொட்டு. நான் அழிக்க முடியுமா?"

துடைத்து, மறுபடி மாட்டிக் காதில் வைத்துக் கேட்டார். "மூச்சு இருக்கு. பேச்சு வரல."

அவர் டிஸ்கைக் கழற்றி வெளியே எடுத்திருந்தபோது முதலாளி வந்தார்.

"எவன்லே இதக் கெடுத்தது?"

மெக்கானிக் டிஸ்கைக் காதில் வைத்துக்கொண்டார். "ஆயுசு முடிஞ்சிருச்சு முதலாளி. யார் மேலயும் தப்பில்ல."

என் வேலை தப்பியது. கரண்ட் இல்லாத டிஸ்கில் அவர் அப்போது என்ன கேட்டாரோ, இன்றும் தெரியவில்லை.