மரை உட்காரும் இடம்

என் விரல்கள் கெட்டுப்போனதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. ஒரு நாள் காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய காப்பியை டம்ளரில் ஊற்றி நீட்டினாள். வாங்கிக் கையில் பிடித்தபடி, அன்றைக்கு எந்தத் தோப்பில் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையையே பார்த்தாள்.

"சுடலையா உங்களுக்கு?"

"இல்லையே."

டம்ளரைத் தொட்டுப் பார்த்தவள் கையை உதறினாள். பிறகு என் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். உள்பக்கம் சிவந்து போயிருந்தது.

பதினெட்டு வருஷம் மரம் அறுக்கும் மெஷின் பிடித்தவன் நான். ஆற்றங்கரைத் தென்னந்தோப்புகள், சாலையோரத்துப் பட்ட மரங்கள், மணிமுத்தாறுக்கு மேலே மலைத் தோட்டங்கள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். மார்கழிக் காலைகளில் மூன்று விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். மலைக் குளிர் என்று நினைத்துக்கொள்வேன். குளிர் இல்லை, மெஷினின் அதிர்வு நரம்பைத் தின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இனிமேல் மெஷினைத் தொடக்கூடாது, போனது திரும்பாது என்றார். அதை அவர் சொன்னபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுதான் யோசித்தேன்.

ஓட்டத்தான் முடியாது, மெஷினின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியுமே. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையை ரிப்பேர் கடை ஆக்கினேன். பழைய மெஷின்கள்தான் வரும். ஸ்டார்ட் ஆகாத மெஷினின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றவர்கள் கடைசியாக என்னிடம் கொண்டு வருவார்கள். இளவயதில் இரண்டு வருஷம் குழாய் வேலைக்குப் போன பழக்கம் இருந்ததால், தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆனால் கண்ணால் மட்டும் செய்கிற வேலை இல்லை இது. கார்பரேட்டருக்குள் ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கும், அதன் அடியில் அரிசி நீளத்துக்கு ஓர் ஊசி. அதை விரலில் எடுத்தேனா, கீழே விட்டேனா என்பது எனக்குத் தெரியாது. முதல் மாதத்தில் இரண்டு ஊசிகளைத் தொலைத்தேன். மூன்றாவதைத் தேடித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்கன கொடுங்க. எங்க மாட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

அப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் அவள். மாலையில் வந்ததும் சேலைக்கு மேல் என் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டாள். நான் பெரிய பெரிய போல்ட்டைக் கழற்றுவேன், செயின் பற்களுக்கு அரம் போடுவேன், அவள் சின்னச் சாமான்களைப் பார்ப்பாள். குழாய் வேலைக்கும் கூடவே வருவாள். நான் சணல் சுற்றிப் பசை தடவித் தருவேன், குழாய் முனையின் திருகு மரையைப் பிடிக்க வைப்பது அவள். முதல் இரண்டு சுற்றை அவள் கையால் ஏற்றிவிட்டால் மீதியை நான் ரெஞ்ச் போட்டு இறுக்குவேன்.

இது அவளுடைய அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மரம் அறுக்கிறவனுக்குத் தங்கையைக் கொடுத்ததே அவருக்கு மனசில்லை. எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது, அவள் பெட்ரோல் கிண்ணத்தில் கைவிட்டு எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை.

"எங்க வீட்டுப் பிள்ளைய கிரீசு அள்ள வச்சிட்டீரே மாப்பிள்ள," என்றார்.

என் விரல் விஷயத்தை அவரிடம் சொல்லக்கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் பார்த்தால் தலையசைப்பார். அவள் மட்டும் அவர் வீட்டுக்குப் போய் வருவாள்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனாள். நான் கீழே ஒரு மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வாளி உருளும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே போனேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயம் நின்றுவிட்டது, வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனா கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு மணிக்கு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவளுடைய அண்ணன் வந்து அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். பெண்கள் அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினார்கள். யாரோ வாசல் குழாயை வேகமாகத் திருகினார்கள். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் அது. வளைவில் இருக்கும் எல்போவோடு ஒட்டி முறிந்தது. மாடித் தொட்டித் தண்ணீர் முழுவதும் பந்தலுக்குள் பாய ஆரம்பித்தது. நாற்காலியில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் குழாய்க்காரருக்குப் போன் போட்டார். அவர் சாயங்காலம்தான் வர முடியும் என்றாராம்.

நான் எழுந்து கடைக்குள் போய் ரெஞ்சை எடுத்து வந்தேன். துக்கத்தை அடக்கிக்கொண்டு போனேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. தண்ணீர் போகிறது, நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தலைக்குள் இருந்தது.

பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "பொண்டாட்டி உள்ள கெடக்கா, இவரு பைப்பு மாட்டப் போறாரு."

மேலே வால்வு இறுகிப் பல வருஷம். தொட்டிக்குள் கைவிட்டு ஓட்டையைத் துணியால் அடைத்தால்தான் தண்ணீர் நிற்கும். "யாராவது மாடிக்குப் போங்க" என்றேன். சுவரோரம் நின்ற அவளுடைய அண்ணன் படியேறினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றது. தோள்வரை நனைந்த வெள்ளைச் சட்டையோடு இறங்கி வந்தார்.

"அங்கன துணி பாதி காயப்போட்டபடி கெடக்கு," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

எல்போவுக்குள் முறிந்து நின்ற துண்டை ரம்பப் பிளேடால் கீறித் தட்டி எடுத்தேன். கடையில் புதிய இணைப்புத் துண்டு ஒன்று இருந்தது. அதன் மரையில் சணலைப் பிரித்துச் சுற்றினேன், இறுக்கும் பக்கமாகவே சுற்ற வேண்டும், முதல் மரையை வெறுமையாக விட வேண்டும். பசை தடவினேன். எல்போவில் வைத்துத் திருப்பினேன். ஏறியது. ரெஞ்ச் போட்டபோதுதான் அது கோணலாக ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கழற்றினேன். சணல் நைந்து வந்தது. மறுபடி சுற்றினேன். மறுபடியும் கோணல்.

உள்ளேயிருந்து ஒருத்தி தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டாள். நான் மூன்றாவது தடவையாகச் சணலைப் பிரித்தேன்.

"என்ன வே, தெரிஞ்ச வேலைதான?" என்றார் அவர்.

"மரை உக்காந்திருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது மச்சான். விரல்ல உணர்ச்சி கெடையாது."

அவர் என் கையைப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"மெஷினை விட்டதே அதுக்குத்தான்."

"அப்போ இவ்வளவு நாளும் இந்த வேலைய யாரு பார்த்தா?"

"உங்க தங்கச்சி."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஈரத்தில் குந்தினார். "என்ன செய்யணும்?"

"நேரா வைங்க. முதல்ல பைய இடது பக்கமாத் திருப்புங்க. ஒரு இடத்துல டொக்குனு இறங்கும். அதுதான் மரை உக்காருத இடம். அங்கயிருந்து வலது பக்கமா ஏத்துங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். "இறங்கிச்சு," என்றார். இரண்டு சுற்று ஏற்றிவிட்டுக் கையை எடுத்தார். நான் ரெஞ்ச் போட்டு இறுக்கினேன். மறுமுனையில் குழாயையும் அதேபோல் இரண்டு பேருமாக மாட்டினோம். அவர் மறுபடி மாடிக்குப் போய்த் தொட்டியில் அடைத்த துணியை எடுத்துவிட்டார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. பெண்கள் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

சபை ஐயர் ஜெபம் பண்ண வந்து என் கையைப் பிடித்தபோது பசையும் சணலும் அவர் கையிலும் ஒட்டிக்கொண்டன. அவர் அதைத் துடைக்காமல் வேதப்புத்தகத்தைத் திறந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போடச் சொன்னார்கள். அள்ளிய மண் கையில் இருந்ததை எடையால் மட்டும்தான் அறிந்தேன். போட்டேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது வரவில்லை.

பத்து நாள் கழித்து அம்பாசமுத்திரத்துத் தோப்புக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். அவருடைய மெஷின்தான் மேசையில் பிரித்தபடி இருந்தது. இறப்பதற்கு முந்தின நாள் மாலையில் அவள் கழுவி வைத்த சாமான்கள் ஒரு தட்டில், மேலே ஒரு துணி போட்டு மூடியிருந்தன. "பைய பாருங்க அண்ணாச்சி, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். பூதக்கண்ணாடியை ஸ்டாண்டில் மாட்டி, ஊசியை இடுக்கியால் எடுத்து வைத்துப் பார்த்தேன். அவள் கால் மணி நேரத்தில் செய்கிற வேலைக்கு மூன்று நாள் ஆயிற்று. நாலாவது இழுப்பில் மெஷின் எடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டாலாவது ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். சத்தம் சரியாக இருந்தது. அணைத்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கார்பரேட்டர் வேலை வந்தால் டவுணில் ஒரு கடைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து மச்சான் கடைக்கு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். அவள் என்னென்ன வேலை பார்த்தாள் என்று கேட்டார். ஒரு பழைய கார்பரேட்டரைப் பிரித்துக் காட்டினேன். ஜவ்வு எது, ஊசி எது, எந்த ஓட்டையில் அடைப்பு விழும் என்றெல்லாம் கேட்டார். பெட்ரோல் கிண்ணத்தில் விரலை நனைத்து மோந்து பார்த்தார்.

"வீட்டுக்கு வாரப்போ அவ மேல இந்த வாடைதான் அடிக்கும்," என்றார். "நான் எந்திரிச்சு சன்னலத் தொறந்து வைப்பேன். அவ பார்த்துக்கிட்டுதான் இருப்பா."

நான் ஜவ்வைத் துடைத்துக் கார்பரேட்டரை மூடினேன். போகும்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட வரும்படி சொன்னார்.

இப்போது ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. நானும் அவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. போன வாரம், அவர் மனைவி அடுப்படிக்குப் போயிருந்த நேரத்தில் கேட்டார். "என்னப் பத்தி எப்பவாவது ஏதும் சொல்லுவாளா?"

அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"இல்ல மச்சான். சொன்னதில்ல."

அவர் தலையசைத்தார். மீன் துண்டு ஒன்றை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, ரசம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.