மூன்று நிமிடம் பிசகிய நிலா

2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். மேகம் இல்லை, காற்றும் இல்லை; கிழக்கே மட்டும் லேசான புகைமூட்டம். நான் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

அன்று சந்திர கிரகணம். நிலா எழும்போதே அதன்மேல் நிழல் இருக்கும், சிறிது நேரத்தில் விலகிவிடும். எப்போது விலகும் என்று நானே கணக்குப் போட்டிருந்தேன்: 6.44.

ஏன் போட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரியில் மட்டும் வீட்டுச் சாவியை நான்கு முறை தொலைத்தேன். மருமகனை இரண்டு முறை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவனுக்கு மூளை கழன்றுகொண்டிருக்கிறதோ என்று பயம். அதனால் எனக்கே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். மூன்று நாளைக்கு முன்பு நிலா இருந்த இடம், அதன் வேகம். அங்கிருந்து தொடங்கி பூமியின் இழுப்பையும் சூரியனின் இழுப்பையும் மணிக்கு மணி கையாலேயே கணக்கிட வேண்டும். எழுபத்திரண்டு படிகள். பத்து நிமிடத்துக்கு மேல் தவறினால் சேலத்துக்குப் போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது.

மனைவியின் தம்பி, மிளகு வியாபாரி, பஞ்சாங்கத்தைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"இதுல நேரமெல்லாம் போட்டிருக்குது மாமா. பாக்கறதுக்கு அரை நிமிசம். நீங்க ரெண்டு நோட்டக் காலி பண்ணியிருக்கீங்க."

"அது பட்டியல் மாப்ள. நிலா ஏன் அப்படிப் போகுதுன்னு கேட்டு நான் போட்டிருக்கறது கணக்கு."

"செரீங்க, கணக்குக்கு மொத நம்பர் எங்கிருந்து எடுத்தீங்க?"

நோட்டின் முதல் பக்கத்தை மெல்ல மூடினேன். அதுவும் யாரோ வானத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியலில் எடுத்ததுதான்.

என் கணக்குப்படி 6.22க்கு நிலா எழ வேண்டும். 6.31 ஆயிற்று. கிழக்கே ஒன்றும் இல்லை. எந்தப் படியிலோ கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டேன் என்று நினைத்தேன். நோட்டை முதல் படியிலிருந்து புரட்டினேன். சேலத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்துவிட்டேன்.

மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கெழக்கால அவ்ளோ பெரிய கரடு நிக்குதே, அதத் தாண்டி வர வேண்டாமா? இந்த ஊட்டுக்கு நெலா என்னிக்கு நேரத்துக்கு வந்துச்சு?"

நாற்பத்திரண்டு வருடமாக அந்தக் கரட்டுக் குன்றின் அடியில்தான் குடியிருக்கிறேன். என் எழுபத்திரண்டு படிகளிலும் அது இல்லை.

மூவரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறினோம். நூற்றுப் பதினெட்டு காலடி. தொண்ணூற்று மூன்றாவது காலடியில் என் செருப்பு வார் அறுந்தது. உச்சியை அடைந்தபோது 6.39. கரட்டுக்கு மேலே வெளிறிய நிலா, மேல் இடது ஓரத்தில் கருப்பாகக் கடிபட்டு நின்றது.

6.44. கருப்பு இன்னும் நகக்கண் அளவு இருந்தது. 6.45. 6.46. 6.47க்கு ஓரம் முழு வட்டமானது.

மச்சினன் பஞ்சாங்கத்தை விரித்தார். "ஆறு நாப்பத்தேழுன்னுதான் போட்டிருக்குது. மூணு நிமிசந்தானுங்களா மாமா வித்தியாசம்? வெறுங்கையிலயா போட்டீங்க?"

அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். பெரிய மூச்சு ஒன்று வந்தது. உடனே அடுத்த கவலை: கரட்டை மறந்தேனே, அது எதில் சேர்த்தி? சாவியையும் மருமகனையும் சேர்த்து எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன்.

அவள் சிரித்தாள். "கல்யாணத்தன்னிக்கே பொண்ணூட்டுக்கு வழி மறந்து வேற ஊருக்குப் போனவருதானுங்களே நீங்க. இது நோவில்லீங்க, உங்க கொணம்."

மச்சினன் அந்தக் கதையை முழுதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே முன்னால் இறங்கினார். நான் ஒற்றைக் கால் செருப்போடு பின்னால் இறங்கினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பரீட்சைக்கு ஆன செலவு: நோட்டு இரண்டு, எண்பது ரூபாய். பேனா, பத்து. புதுச் செருப்பு, இருநூற்று இருபது. நான் கூட்டிய பிறகு மனைவியையும் தனியாகக் கூட்டச் சொன்னேன். அவளுக்கும் முந்நூற்றுப் பத்து ரூபாய்தான் வந்தது.